லேசிக் பண்ணியாச்சு, பவர் ஜீரோ, அப்புறம் ஏன் கண்ணு ஓரத்துல பளிச்?

கேள்வி: வயசு 44. டெல்லி மயூர் விஹார்ல இருக்கேன், நொய்டாவுல சாஃப்ட்வேர் வேலை, தினமும் பத்து பன்னெண்டு மணி நேரம் ஸ்க்ரீன்தான். ரெண்டு கண்ணும் எரிச்சல், சிவப்பு, கெமிஸ்ட் குடுத்த ட்ராப்ஸ் ஒன்றரை மாசமா போட்டுட்டு இருக்கேன். இடது இமை துடிக்குது. போனை கிட்ட வெச்சா எழுத்து மங்கலா இருக்கு. ரொம்ப வருஷமா ஒரு பூச்சி பறக்கும், இப்ப நாலு நாளா வலது கண்ணுல நெறைய கருப்புப் பொடி, ராத்திரி லைட்டை அணைச்சா ஓரத்துல பளிச்னு அடிக்குது. 2009ல மைனஸ் 8க்கு லேசிக் (கண்ணாடி வேணாம்னு பண்ற லேசர் ஆபரேஷன்) பண்ணிக்கிட்டேன். அப்பாவுக்கு ரெட்டினா கழண்டு ஒரு கண்ணு போச்சு. ஸ்க்ரீன் பாத்து பாத்து எனக்கும் போயிடுமா, வேலைய விட்டுடணுமா? பன்னெண்டு நாள்ல அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு கும்பகோணம் போறேன், அங்க காட்டிக்கலாமா?

பதில்: வேலைய விட வேணாம் சார். கும்பகோணம் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். இன்னைக்கே ஒரு ரெட்டினா (கண்ணோட பின்சுவத்துல ஒட்டியிருக்கிற விழித்திரை) டாக்டரைப் போய்ப் பாருங்க, இதைப் படிக்கும்போது ராத்திரி ஆயிடுச்சுன்னா காலைல முதல் வேலையா பாருங்க. எரிச்சல்ல ஆரம்பிச்சு என்னென்னவோ எழுதியிருக்கீங்க, எனக்கு அதுல நடுவுல ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற ஒரே வரிதான் கண்ணுல பட்டுச்சு: நாலு நாளா புதுசா பொடி, இருட்டுல ஓரமா பளிச். மத்ததெல்லாம் கல்யாணம் முடிச்சு வந்தும் பாத்துக்கலாம்.

ஸ்க்ரீன் பாத்து யாருக்கும் ரெட்டினா கழண்டதில்ல. உங்க அப்பா எந்த கம்ப்யூட்டரைப் பாத்தாரு? ஆனா அப்பா விஷயம் முக்கியம்தான், ஏன்னா இது குடும்பத்துல ஓடக்கூடிய சமாச்சாரம், உங்க மைனஸ் 8ம் அதோட சேருது. நீங்க பயப்படுறது சரியான வியாதியைப் பாத்துதான், பழியைத்தான் தப்பான ஆள் மேல போடுறீங்க.

கண்ணுக்குள்ள நடக்கிறதைச் சொல்றேன், அப்பத்தான் அவசரம் புரியும். கண்ணு உருண்டையில அஞ்சுல நாலு பங்கு இடத்தை விட்ரியஸ்னு ஒரு ஜெல் அடைச்சிருக்கு. மொத்தமே சுமார் 4 மில்லிதான், அதுலயும் நூத்துக்கு 98 பங்குக்கு மேல தண்ணி, மிச்சம் கொஞ்சூண்டு கொலாஜன் நாரும் ஹயலுரானிக் ஆசிடும். வயசாக ஆக இந்த ஜெல் அங்கங்க நீர்த்துப் போயி, நாருங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொத்து கொத்தா மிதக்கும், அதோட நிழல் ரெட்டினா மேல விழுறதுதான் நீங்க வருஷக்கணக்கா பாக்குற பழைய பூச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும். டெல்லில குளிர் காலத்துல வானமே வெள்ளையா பனியும் புகையுமா கிடக்குறதால இன்னும் நல்லா தெரியும், அவ்ளோதான்.

ஒரு கட்டத்துல இந்த ஜெல் சுருங்கி ரெட்டினாவை விட்டு மொத்தமா விலகி வரும். ஐம்பது அறுபது வயசுக்கு மேல ரொம்ப சகஜம், பெரிய மைனஸ் பவர் இருந்தவங்களுக்கு முன்னாடியே நடக்கும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சில இடத்துல ஜெல் ரெட்டினாவோட கெட்டியா ஒட்டியிருக்கும், அங்க மட்டும் சுவத்துல ஒட்டின போஸ்டரைப் பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேந்து வர்ற மாதிரி ரெட்டினாவும் கிழிஞ்சுக்கிட்டு வந்துடும். இப்படி புதுசா பூச்சியும் பளிச்சும்னு வர்றவங்களைப் பரிசோதிச்சா நூறு பேர்ல பத்து பதினஞ்சு பேருக்கு கிழிசல் இருக்கும். அதாவது உங்களுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி, ஆனா நீங்க எந்தப் பக்கம்னு வீட்ல உக்காந்துக்கிட்டு சொல்ல வழியே இல்ல.

அந்த பளிச் எங்க இருந்து வருதுன்னா, ரெட்டினாவுக்கு வலின்னா என்னன்னே தெரியாது சார், வலி நரம்பே அதுல கிடையாது. இழுத்தாலும் சரி அமுக்கினாலும் சரி, மூளைக்கு அது அனுப்பத் தெரிஞ்ச ஒரே சேதி வெளிச்சம். ஜெல் அதைப் பிடிச்சு இழுக்கும்போதெல்லாம் ஓரமா ஒரு மின்னல் கீத்து, கண்ணை உருட்டும்போது, இருட்டுல. "வலியே இல்லையே டாக்டர், அதான் வரல"ன்னு லேட்டா வர்றவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கு காது புளிச்சுப் போச்சு. இதுல வலி வராது, கண்ணு சிவக்காது, நீர் வடியாது. அந்தக் கருப்புப் பொடி, கிழியும்போது அறுந்த சின்ன ரத்தக் குழாய்ல இருந்து கசிஞ்ச ரத்தமாவும் இருக்கலாம், ரெட்டினாவுக்குப் பின்னாடி இருக்கிற கருப்பு நிறமி கிழிசல் வழியா உள்ள வந்ததாவும் இருக்கலாம். ஸ்லிட் லாம்ப்ங்கிற கண்ணு மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாக்கும்போது லென்ஸுக்குப் பின்னாடி பழுப்பா தூள் மிதந்தா நாங்க அதை புகையிலைத் தூள்னு சொல்வோம், அதைப் பாத்துட்டா கிழிசலைக் கண்டுபிடிக்காம எழுந்திருக்க மாட்டோம். (ஒரு இருபது நிமிஷம் வளைஞ்சு வளைஞ்சு கோடு விரிஞ்சுக்கிட்டே போயி, ரெண்டு கண்ணுலயும் தெரிஞ்சு, அப்புறம் தலைவலி வந்தா அது மைக்ரேன், வேற கதை. உங்களுது அது இல்ல.)

இப்ப லேசிக். "பவர் ஜீரோ ஆயிடுச்சு, அதனால கண்ணு நல்லாருக்கு"ன்னு நெனச்சுட்டு இருந்திருக்கீங்க, இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு பாதி பேர் அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காங்க, லேசிக் பண்றப்ப இதை உக்கார வெச்சு சொல்றதுக்கும் யாருக்கும் நேரமில்ல. சாதாரண கண்ணு முன்னாடி இருந்து பின்னாடி சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். மைனஸ் 8ன்னா அநேகமா உங்க கண்ணு 27 மில்லிமீட்டர் கிட்ட வளந்திருக்கும், அந்த நீளத்துக்கு ரெட்டினா இழுபட்டு ஓரமெல்லாம் மெலிஞ்சு போயிருக்கும். லேசிக்ல செதுக்கினது முன்னாடி இருக்கிற கார்னியாவை, அதோட கனமே அரை மில்லிமீட்டர்தான். பின்னாடி யாரும் தொடல. கண்ணாடி போச்சு, ஆனா நீட்டு கண்ணு நீட்டு கண்ணுதான். இன்னைக்கும் உங்க ரெட்டினா மைனஸ் 8 ஆளோட ரெட்டினா, எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை வாயைத் திறந்து சொல்லணும்.

கிழிஞ்சதோட நின்னா பரவாயில்ல. நீர்த்துப் போன ஜெல் அந்த ஓட்டை வழியா ரெட்டினாவுக்குப் பின்னாடி போயி அதைச் சுவத்துல இருந்து கிளப்பும், அதைத்தான் ரெட்டினா கழண்டுடுச்சுன்னு சொல்றது. ரெட்டினாவோட வெளிப் பக்கத்துக்கு ஆக்சிஜன் வர்றதே பின்னாடி ஒட்டியிருக்கிற கோராய்ட்ங்கிற ரத்தக் குழாய் படலத்துல இருந்துதான், கழண்டா அது பட்டினி. அப்ப ஒரு பக்கம் இருந்து நிழல், திரை மாதிரி ஏறி வரும். கண்ணுக்குள்ள படம் தலைகீழா விழுறதால மேல கழண்டா நிழல் கீழ இருந்து வரும், மூக்குப் பக்கம் கழண்டா வெளிப் பக்கத்துல இருந்து வரும், அதனால "கீழதானே மறைக்குது, மூக்குக் கண்ணாடி ஃப்ரேமா இருக்கும்"னு சமாதானம் சொல்லிக்காதீங்க. நடுவுல மேக்குலான்னு ஒரு இடம், நீங்க படிக்கிறது, ஆள் முகம் அடையாளம் தெரியறது எல்லாம் அந்த சின்ன இடத்துலதான். திரை அதைத் தொடுறதுக்கு முன்னாடி வந்தா பார்வையை அப்படியே காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. தொட்டப்புறம் வந்தா ஆபரேஷன் பண்ணி ரெட்டினாவை ஒட்டிடலாம், ஆனா பழைய கூர்மை முழுசா திரும்பாம போகலாம், நேர்கோடு நெளிஞ்சு தெரியலாம். இந்த ரெண்டுக்கும் நடுவுல சில நேரம் சில நாள்தான் இருக்கும், சில நேரம் சில மணி நேரம்தான். நிழல் ஆரம்பிச்சா ஓபிடி நேரம் பாக்காம எமர்ஜென்சிக்குப் போங்க.

வெறும் கிழிசலா இருந்தா வேலை சின்னது. கிழிசலைச் சுத்தி லேசர்ல ரெண்டு மூணு வரிசை சுட்டு வேலி போட்டுடுவாங்க, அட்மிஷன் வேணாம், அந்தத் தழும்பு நல்லா கெட்டியாக ரெண்டு வாரம் போல ஆகும். இந்த யோசனை வந்த கதையே சுவாரசியம், 1945ல சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால பாத்து ரெட்டினா வெந்து போன ஒரு மாணவரைப் பரிசோதிச்ச மேயர் ஷ்விக்கராத்னு ஒரு ஜெர்மன் டாக்டருக்கு, வெளிச்சம் தழும்பு உண்டாக்கும்னா அந்தத் தழும்பாலயே கிழிசலை அடைக்கலாமேன்னு தோணியிருக்கு. அதுக்கும் முந்தி, 1920கள்ல கோனின்னு ஒரு ஸ்விஸ் டாக்டர் ஓட்டையை அடைச்சாத்தான் ரெட்டினா ஒட்டும்னு நிரூபிக்கிற வரைக்கும் கழண்டா கண்ணு போச்சுன்னுதான் அர்த்தம்.

கல்யாணத்துக்கு வருவோம். ஃப்ளைட் ஏறினதால கிழிசல் பெருசாகாது, ரயில் குலுக்கலும் காரணம் இல்ல, பன்னெண்டு நாளைக் கோட்டை விடுறதுதான் ஆபத்து. இப்ப போயி லேசரோட முடிஞ்சா டாக்டரைக் கேட்டுட்டு கல்யாணத்துக்கே போயிடலாம். கழண்டு போயி ஆபரேஷன் ஆச்சுன்னா, பல பேருக்கு கண்ணுக்குள்ள கேஸ் (வாயு) வைப்போம், அது கரையுற வரைக்கும், எந்த கேஸ்ங்கிறதைப் பொறுத்து ரெண்டு வாரத்துல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும், ஃப்ளைட்ல ஏறவே கூடாது. மேல போகப் போக கேபின் அழுத்தம் குறைஞ்சு கேஸ் விரியும், கண்ணு அழுத்தம் தாறுமாறா ஏறி ரத்த ஓட்டமே நின்னுடும். அதனால கல்யாணம் பாக்கணும்னா இன்னைக்கே கிளம்புங்க.

அடுத்து எனக்குக் கோபம் வர்ற விஷயம், அந்த ட்ராப்ஸ். பாட்டில் மேல டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், இப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு. சிவப்பு ரெண்டே நாள்ல போயிடும், அதனாலதான் கெமிஸ்ட்டுக்கும் பிடிக்குது உங்களுக்கும் பிடிக்குது, ஆனா வாரக்கணக்குல போட்டா சில பேருக்கு கண்ணு அழுத்தம் சத்தமில்லாம ஏறி பார்வை நரம்பைக் கெடுக்கும், காட்டராக்டும் (கண்புரை) வரும். இதுல உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு, லேசிக்ல மெலிஞ்ச கார்னியாவுல அழுத்தம் அளந்தா உண்மையை விட குறைச்சலா காட்டும், 'நார்மல்'னு எழுதி அனுப்பிடுவாங்க. பாட்டிலைக் கையோட எடுத்துட்டுப் போயி ஒன்றரை மாசக் கணக்கையும் லேசிக்கையும் சேத்து சொல்லுங்க. கூகுள் பண்ணி ப்ரெயின் ட்யூமர் வரைக்கும் போயிட்டு வந்திருப்பீங்க, ஆனா கையில இருக்கிற பாட்டில் லேபிளைப் படிச்சிருக்க மாட்டீங்க.

எரிச்சல், சிவப்பு எல்லாம் டெல்லி புகையும் கண் சிமிட்டாத ஸ்க்ரீனும். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் போடுங்க, சிமிட்டுங்க. குலாப் ஜல் வேணாம், ஊர்ல இருந்து அம்மா போன்ல சொல்ற நந்தியாவட்டைச் சாறும் வேணாம். இமை துடிக்கிறது தூக்கமின்மையும் டீயும், கண்ணு துடிச்சா நல்ல சேதியா கெட்ட சேதியான்னு என்னைக் கேக்காதீங்க. கிட்டத்து எழுத்து மங்குறது 44 வயசு, வெள்ளெழுத்து, படிக்க ஒரு கண்ணாடி போதும். ப்ளூ லைட் கண்ணாடிக்குக் காசு குடுக்காதீங்க. அன்னாசி சாப்பிட்டா பூச்சி கரையும்னு ஒரு வீடியோ சுத்துது, பழம் நல்லது, தாராளமா சாப்பிடுங்க, பூச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

போற இடத்துல ஆப்டிகல் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட்டோட அனுப்பிட்டா ஏமாந்துடாதீங்க, அது ரெட்டினாவைப் பாக்கவே பாக்காது. ரெட்டினாவை அடுக்கடுக்கா படம் எடுக்கிற ஓசிடி ஸ்கேனும் பெரும்பாலும் நடுவைத்தான் காட்டும், கிழிசல் ஓரத்துல இருக்கும். கண்ணு பாப்பா பெருசாக ட்ராப்ஸ் போட்டு, டாக்டர் தலையில லைட் மாட்டிக்கிட்டு, கண்ணோரத்தை அமுக்கி ரெட்டினா ஓரம் முழுக்கப் பாக்கணும், ரெண்டு கண்ணையும் பாக்கணும். வாயால கேளுங்க, தப்பா நெனச்சுக்க மாட்டாங்க. ப்ரைவேட்ல அப்பாயிண்ட்மென்ட் அடுத்த வாரம்தான்னு சொன்னா ஒத்துக்காம எய்ம்ஸோட கண் ஆஸ்பத்திரியான ஆர்பி சென்டர் எமர்ஜென்சிக்கு போயிடுங்க, உங்க பக்கத்துல இருந்து குரு நானக் கண் ஆஸ்பத்திரியும் தூரமில்ல. கவுண்டர்ல எரிச்சல், துடிப்புன்னு ஆரம்பிக்காதீங்க: "பழைய மைனஸ் 8, நாலு நாளா ஃப்ளோட்டர்ஸ், ஃப்ளாஷஸ், அப்பாவுக்கு ரெட்டினா டிடாச்மென்ட்." ஃப்ளோட்டர்ஸ்னா பூச்சி, ஃப்ளாஷஸ்னா பளிச், டிடாச்மென்ட்னா கழண்டது. இது போதும், உக்கார வெச்சுடுவாங்க. ட்ராப்ஸ் போட்டா நாலஞ்சு மணி நேரத்துக்கு மங்கலாவும் கூச்சமாவும் இருக்கும், ஸ்கூட்டரை வீட்லயே வெச்சுட்டு யாரையாவது கூட கூட்டிட்டு மெட்ரோல போங்க, கருப்புக் கண்ணாடி எடுத்துக்கோங்க. பழைய லேசிக் ஃபைல் கிடைச்சா அதையும்.