வேலையில் மூக்குத்தி கூடாது என்கிறார்களா? துளை மூடாமல் காக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வேலையிடத்தில் நகை கூடாது என்கிறார்கள், ஆசையாகக் குத்திய துளை மூடிவிடுமோ என்று பயம். பதிலுக்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள்: உங்கள் இடத்தில் தடை பார்வைக்கா, பாதுகாப்புக்கா? ஓட்டல் வரவேற்பறை, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்றால் பெரும்பாலும் பார்வைக்குத்தான். வெளியே தெரியாமல் மறைத்தால் போதும். சமையலறை, டீ ஃபேக்டரி, மெஷின், ஆபரேஷன் தியேட்டர் என்றால் கழற்றியே ஆக வேண்டும், மறைப்பது தீர்வாகாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

மூக்கு குத்தி ஐந்து மாதம். ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் செய்யும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிஃப்ட் முடியும்வரை போடக் கூடாது என்கிறார்கள். எட்டு மணி நேரத்தில் மூடிவிடுமா?

ஐந்து மாதம் என்பது இரண்டுங்கெட்டான் நேரம். மூக்கு மடல் ஆறுவதற்கு ஆளைப் பொறுத்து நாலைந்து மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை ஆகும். வெளியே ஆறியதுபோல் தெரிவதை நம்பாதீர்கள். முதலில் மூடுவது மூக்கின் உட்பக்கம். வெளியே புள்ளி பளிச்சென்று இருக்கும், தண்டு மட்டும் உள்ளே போகாது.

லீவு நாளில் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கழற்றும்போது தண்டில் ஈரமோ மஞ்சள் பொருக்கோ இருந்தால், தொட்டால் வலித்தால், இன்னும் ஆறவில்லை. உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். ஆறாத துளையைக் கழற்றாதீர்கள். தண்டு காய்ந்து சுத்தமாக வந்தால் இரண்டு மணி நேரம் விட்டுப் போட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் போனால் இன்னொரு நாள் நாலு மணி நேரம், அப்புறம் எட்டு. இந்தப் படிகளைத் தாண்டியவர்களுக்கு ஷிஃப்ட் நேரம் பெரும்பாலும் தாங்கும். தாண்டாதவர்கள் முதலாளியிடம் இரண்டு மாதம் பேக்கிங்கிலோ கவுண்டரிலோ வேலை கேட்டுப் பாருங்கள். கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பலர் கேட்பதே இல்லை.

திரும்பப் போடுவதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் சோப்பால் கை கழுவிவிட்டு அங்கேயே போடுங்கள். மலைக் குளிரில் தோல் இறுகிக் கிடக்கும். வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியை இரண்டு நிமிடம் மூக்கின்மேல் வைத்தால் இளகும். நார்மல் சலைனில் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல்) தண்டை நனைத்து, ஒரு விரலை மூக்குக்குள் வைத்து முனை எங்கே வருகிறது என்று உணர்ந்து மெதுவாகத் தள்ளுங்கள். கழற்றியதை டிஷ்யூ பேப்பரில் மடித்து வைக்காதீர்கள். சாயந்திரம் குப்பைக் கூடையைக் கிளறுகிறவர்கள் எல்லாரும் அப்படி வைத்தவர்கள்தான். மூடியுள்ள சின்ன டப்பா போதும்.

கழற்றிய நேரத்தில் துடைப்பத்து ஈர்க்குச்சி வைக்கலாமா? அம்மா அப்படித்தான் வைத்தார்களாம். (மஞ்சூர்)

அம்மா வைத்தது நன்றாக ஆறிய காது மடலில். மூக்கு எப்போதும் ஈரம். குச்சி ஊறும், சிம்பு விடும், உடைந்தால் உள்ளே போகும். வேப்பங்குச்சிக்கும் இதே பதில்தான். வேண்டாம்.

கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரியில் தரம் பிரிக்கும் பகுதியில் இருக்கிறேன். ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூக்குத்தி இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. போட்டால் சூப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது. தினமும் போடலாம்தானே?

கூடாது. இந்த இருபது ரூபாய் சமாச்சாரத்தைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஏனென்றால் இதனால் கெட்ட மூக்குகளைத்தான் என் மேசையில் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள். தரம் பிரிக்கும் இடத்தில் டீத்தூசி பறந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கத் தும்மல். அந்தப் பிளாஸ்டிக் குச்சிக்குத் திருகு கிடையாது. முனையில் ஒரு சின்ன மொட்டு, அவ்வளவுதான் பிடிமானம். ஒரு நல்ல தும்மலில் தெறித்துவிடும். தூளில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஃபேக்டரியில் காந்தம் இருக்கிறதே என்பீர்கள். காந்தம் இரும்புத் தூளைத்தான் இழுக்கும். நிறமில்லாத பிளாஸ்டிக் காந்தத்திலும் மாட்டாது, கண்ணுக்கும் தெரியாது. தங்க மூக்குத்தி விழுந்தாலாவது மின்னும், தேடி எடுக்கலாம். தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உணவு வேலையில் அதுதான் ஆபத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. உணவைக் கையாளும் இடத்தில், உணவுக்குக் கேடு வரக்கூடிய நகை, கடிகாரம், ஊசி எதுவும் கூடாது என்பது அதில் உள்ளதுதான். சூப்பர்வைசர் உங்கள் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை.

அடுத்தது உங்கள் மூக்கு. கடையில் அட்டையில் குத்தித் தொங்கவிட்டிருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூட்டைத் தாங்காது, அதனால் முறையாகக் கிருமி நீக்க வழியில்லை. சீக்கிரம் கீறல் விழும், கீறலில் அழுக்கு உட்காரும். நாளாக நாளாக மஞ்சளாகி, மொறுமொறுவென்று ஆகிவிடும். மொட்டு ஒருநாள் உடைந்து விழும், தண்டு துளைக்குள்ளேயே நிற்கும். அதை நகத்தால் நோண்டி, சதையைப் புண்ணாக்கி, மூக்கு வீங்கிய பிறகு வருகிறார்கள். நான் ஃபோர்செப்ஸால் எடுத்துவிடுவேன். துளை மறுபடி ஆற மாதக்கணக்காகும்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் பலருக்கு மூக்குத்தி வெறும் அலங்காரம் இல்லை, கல்யாணத்தோடும் குடும்பத்தோடும் சேர்ந்தது. நேர்காணலில் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலைக்குச் சேரும் அன்று காலையில் கேட்டருகே நிறுத்திக் கழற்று என்பது நியாயமா? முன்பே சொன்னால் அவர்கள் தயாராகி வருவார்கள். கழற்றி வைக்க ஒரு பூட்டுள்ள லாக்கரும், திரும்பப் போட வாஷ்பேசினும் கண்ணாடியும் கொடுத்தால் இந்தத் திருட்டுப் பிளாஸ்டிக்கே தேவைப்படாது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: துளை நன்றாக ஆறியிருந்தால் உள்ளே போகும்போது கழற்றுங்கள், வெளியே வந்ததும் போடுங்கள். ஆறவில்லை என்றால் தூசியில்லாத வேறு பகுதியைக் கேளுங்கள். மேலே ஊட்டி வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓட்டல் வரவேற்பறையில் இருக்கிறேன். பிளாஸ்டிக் வேண்டாம் என்றால் வேறு என்ன போடுவது? (குன்னூர்)

உங்கள் தடை பார்வைக்கு. கண்ணாடி ரிடெய்னர் (துளை மூடாமல் இருக்கப் போடும், வெளியே தெரியாத குச்சி) போடுங்கள், போரோசிலிகேட் அல்லது குவார்ட்ஸ். சூடு தாங்கும், வழுவழுப்பு, சதைக்கு ஒத்துப்போகும். இல்லையென்றால் இம்பிளான்ட் தர (உடலுக்குள் பொருத்தத் தகுந்த) டைட்டானியத்தில் தட்டையான சின்ன வட்டு, மேட் ஃபினிஷ். சில நூறு ரூபாய் ஆகும், வருடக்கணக்கில் வரும். இப்போது போட்டிருப்பதன் தண்டை அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். மெல்லியது போட்டால் துளை அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். கண்ணாடி என்பதால் சிங்க்கில் தவறினால் கண்டுபிடிக்க முடியாது, கழற்றும்போது தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

அருவங்காட்டில் வெடிமருந்து சம்பந்தப்பட்ட வேலை. உலோகம் கூடாது என்றால் பிளாஸ்டிக் போகலாமா?

என்னைக் கேட்காதீர்கள், உங்கள் பாதுகாப்பு அதிகாரியைக் கேளுங்கள். அவர் எழுத்தில் சரி என்று சொல்லாத எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

மூக்கில் கட்டி வந்திருக்கிறது. என்ன செய்வது?

எப்போது குத்தினீர்கள், எதால் குத்தினார்கள், என்ன உலோகம், தினமும் கழற்றுகிறீர்களா என்று எதையும் எழுதவில்லை. ஊர் பெயர்கூட இல்லை. ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் என்ன வைத்தியம் சொல்ல? பொதுவாகச் சொல்கிறேன். குத்திய சில மாதத்தில் வரும் சிவந்த சின்னக் கட்டி பெரும்பாலும் உறுத்தலால் வருவது. எல்லாரும் பயப்படுகிற கெலாய்டு (துளையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு) மூக்கில் அவ்வளவு சாதாரணமாக வருவதில்லை. ஆறாத துளையில் தினமும் கழற்றி மாட்டுவது, நிக்கல் கலந்த கவரிங் நகை, மாஸ்க் உரசுவது, இவைதான் காரணங்களாக இருக்கும். காரணத்தை நிறுத்துங்கள், காலை மாலை சலைனால் துடையுங்கள், சில வாரத்தில் அடங்கும். டெட்டால், ஸ்பிரிட், டூத்பேஸ்ட், மஞ்சள் பத்து எதுவும் வேண்டாம். சீழ், சூடு, பரவும் வீக்கம், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக நகையை உருவிவிடாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும்.

பயிற்சிக்காக கோவையில் ஒரு மாதம் மூக்குத்தி இல்லாமல் இருந்தேன். இப்போது போகவில்லை. தையல் ஊசியால் லேசாகத் திறக்கலாமா?

ஊசியைக் கீழே வையுங்கள். துளை வளைந்து சுருங்கியிருக்கும், ஊசி பக்கவாட்டில் புதுத் துளை போட்டுவிடும், அதுவும் அழுக்கு ஊசி. வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு ஒரே ஒரு முறை மெதுவாக முயலுங்கள். போகவில்லை என்றால் குத்துபவரிடம் போங்கள். உள்ளே மெல்லிய தோல் மட்டும்தான் மூடியிருந்தால் டேப்பர் (முனை மெலிந்து போகும் கம்பி) வைத்துத் திறந்துவிடலாம். முழுக்க மூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் விட்டுப் புதிதாகத்தான் குத்த வேண்டும்.

எனக்கு முகத்தில் ஏதாவது குத்திக்கொள்ள ஆசை, ஆனால் பேங்கில் வேலை. எதைக் குத்தினால் பிரச்சினை குறைவு? (கூடலூர்)

புல்லாக்கு. நம் பாட்டிமார் போட்டதுதான், இப்போது இளம்பிள்ளைகள் செப்டம் என்கிறார்கள். நடு மூக்கில், குருத்தெலும்புக்குக் கீழே இருக்கும் மெல்லிய தோலில் சரியாகக் குத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் ஆறிவிடும். குதிரை லாட வடிவ டைட்டானியம் போட்டால், வேலை நேரத்தில் மேலே மடித்துவிடலாம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கழற்றவே தேவையில்லாததால் மூடும் பயமும் இல்லை. இடம் தப்பிக் குருத்தெலும்பில் குத்திவிட்டால் வலியும் சிக்கலும் அதிகம், கைதேர்ந்தவரிடம் மட்டும் போங்கள்.

அக்கா, எனக்குப் புருவத்தில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று. கேட்டரிங் முடித்து வேலைக்குப் போகிறேன். இரண்டையும் காப்பாற்ற முடியுமா?

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். புருவத் துளை தோலின் மேலோட்டத்தில் ஓடுவது, எதைப் போட்டாலும் பெரும்பாலும் மெல்ல மேலே தள்ளிக்கொண்டு வரும். கழற்றினால் சீக்கிரம் மூடும். அதை விட்டுவிடுங்கள். உதடு வாய்ச்சதை, சீக்கிரம் ஆறும், சீக்கிரம் மூடும். வருடக்கணக்கில் இருந்ததே சில மணி நேரத்தில் போகாமல் போனதுண்டு. கிச்சன் வேலை என்றால் ஒவ்வொரு ஷிஃப்டும் கழற்ற வேண்டும். உங்களுக்கு அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சேரும் முன்பே வீட்டில் பாருங்கள்.

நான் ஆசிரியை. ஏப்ரல், மே விடுமுறையில் மூக்கு குத்தினால் ஜூனில் கழற்றிவிடலாமா?

முடியாது. இரண்டு மாதத்தில் ஆறுவது காது மடல்தான். ஆறாத துளையைக் கழற்றாதீர்கள். குத்தும்போதே தட்டையான சின்ன டைட்டானியம் போட்டுக்கொள்ளுங்கள், தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசுங்கள். ஓட்டல்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சீசனுக்கு முந்தின வாரம் குத்திக்கொண்டு, மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கழற்றச் சொல்கிறார்கள் என்று அழுகிறீர்கள். சீசன் முடிந்து ஜூனில் குத்துங்கள், அடுத்த கோடைக்குள் ஆறியிருக்கும். ஒரே எச்சரிக்கை, அந்த மாதங்களில் மங்கி குல்லாவும் ஸ்வெட்டரும் மூக்குத்தியில் மாட்டி இழுக்கும். முன்பக்கம் ஜிப் வைத்த ஸ்வெட்டராகப் போடுங்கள்.

பாட்டியின் எட்டுக்கல் பேசரி எனக்கு வந்திருக்கிறது. வேலைக்காக இரண்டு வருடமாக மெல்லிய கண்ணாடிதான் போடுகிறேன். தையில் கல்யாணம். பேசரி உள்ளே போகுமா?

நேராகப் போகாது, அழுத்தாதீர்கள். உங்கள் ரிடெய்னர் 20 கேஜ் என்றால் தண்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். கேஜ் எண் குறையக் குறையக் கனம் கூடும். பழைய பேசரித் தண்டு ஒன்றரை மில்லிமீட்டர்வரைகூட இருக்கும், திருகின் மரை வேறு சதையைக் கீறும். இரண்டு வழி இருக்கிறது. துளையை 18 கேஜ், பிறகு 16, தேவையென்றால் 14 என்று ஒவ்வொரு படிக்கும் இரண்டு மாதமாவது விட்டுப் பெரிதாக்கலாம். ஆனால் அப்புறம் வேலையிடத்தில் அந்தப் பெரிய துளைக்கேற்ற ரிடெய்னர் போட வேண்டிவரும், அது கண்ணில் படும். நான் சொல்வது இரண்டாவது வழி: கல்லையும் அது பதிந்த முகப்பையும் தொடாமல் தண்டை மட்டும் மாற்றச் சொல்லி நம்பிக்கையான பத்தரிடம் கொடுங்கள். உங்கள் ரிடெய்னரையும் கூடவே எடுத்துப்போய் அதே கனத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். பழைய தண்டைத் தூக்கிப் போடாமல் வாங்கி வையுங்கள். மார்கழி பிறக்கும் முன் கொடுத்துவிடுங்கள், தை முகூர்த்த நெருக்கடியில் அவர்களுக்குக் கை ஓயாது. வந்ததும் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்கள். கனம் தாங்காமல் முன்பக்கம் சாய்ந்தால் உட்பக்கத் திருகை அகலமாக வைத்துத் தரச் சொல்ல நேரம் இருக்கும்.