அசெம்பிள்டா, பிராண்டடா: 27,500 ரூபாய் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 31. திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சீசனில் மாதம் 60,000 வரை வரும். ஆடி, மார்கழியில் அநேகமாக ஒன்றும் வராது. வீட்டுச் செலவு மாதம் 28,000. கையிருப்பு 1,80,000. எட்டு வருடப் பழைய சிஸ்டம் 4கே ஃபைலைத் திறந்தாலே திணறுகிறது. ஷோரூமில் பிராண்டட் டெஸ்க்டாப் 1,32,000 சொல்கிறார்கள்: ஐ5 14400 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ஒரிஜினல் விண்டோஸ், ஒரு வருட ஆன்சைட் வாரண்டி. கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 11,000. அசெம்பிள் செய்து தரும் கடையில் 1,04,500: ஐ5 14400எஃப், 32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060. இது பில் இல்லாத விலை. பில் வேண்டுமென்றால் 1,10,000, விண்டோஸ் தனி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பாகங்களை வாங்கி வந்து நானே மாட்டினால் இன்னும் மிச்சமாகும் என்கிறான் நண்பன். கம்ப்யூட்டர் வாங்கினால் வரி குறையும் என்று வேறு சொல்கிறார்கள். நான் எதைச் செய்யட்டும்?

பதில்: இரண்டு கொட்டேஷனையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லது. பெரும்பாலானவர்கள் "எது சார் பெஸ்ட்" என்று மட்டும் கேட்பார்கள். முதலில் இரண்டு விலைக்கும் நடுவில் தெரியும் அந்த 27,500 ரூபாயைப் பிரித்து விடுவோம். அது உண்மையான தொகை இல்லை.

பில் இல்லாத விலையை மறந்துவிடுங்கள். நியாய அநியாயம் பேசவில்லை, உங்கள் லாபத்தையே பேசுகிறேன். அசெம்பிள்டு சிஸ்டத்தில் மொத்தமாக ஒரு வாரண்டி கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. பெட்டியோடு வரும் பிராசசருக்கு 3 வருடம், மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3 வருடம், நல்ல எஸ்எஸ்டிகளுக்கு 5 வருடம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சர்வீஸ் சென்டரில் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். 5,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லட்ச ரூபாய்ப் பொருளின் வாரண்டியைக் கடைக்காரரின் நல்ல மனதிடம் ஒப்படைக்க வேண்டாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். ஆக 1,10,000.

அடுத்தது விண்டோஸ். ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்குக் கீ விற்கிறார்கள். அது ஓடும், திடீரென்று ஒருநாள் ஓடாமலும் போகும். முறையான லைசென்ஸ் பத்தாயிரத்துக்கு அருகில் வரும். 1,20,000.

பிறகு பிராசசர் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'எஃப்'. நான் கணக்குக்காரன், இந்த எழுத்தைக் கவனித்திருக்கவே மாட்டேன். உங்கள் கொட்டேஷனை எடிட்டிங் தொழிலில் இருக்கும் என் மைத்துனரிடம் காட்டினேன். அவர் முதலில் விரல் வைத்த இடம் அதுதான். எஃப் என்றால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறோமே, இது எதற்கு என்று கடையில் சொல்வார்கள். கேம் விளையாடுபவருக்கு அது சரி. ஆனால் இப்போது ஸ்டுடியோக்காரர்கள் பலர் 4:2:2 10 பிட் என்ற, நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோவாக எடுத்துக் கொடுக்கிறார்களாம். எச்.265 முறையில் சுருக்கிய அந்த ஃபைலை விரித்துக் காட்டும் வேலையை ஆர்டிஎக்ஸ் 3060 செய்யாது, 4060-உம் செய்யாது. இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியாவில் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. இன்டெல்லின் உள் கிராபிக்ஸோ பல தலைமுறைகளாகவே அதைச் செய்கிறது. எஃப் இல்லாத 14400-க்கு இரண்டாயிரம் போலக் கூட ஆகலாம். அதை மிச்சம் பிடித்தால், புது சிஸ்டத்திலும் டைம்லைன் திக்கித் திணறும். நீங்கள் பழைய சிஸ்டத்தை மாற்றுவதே அதற்காகத்தானே?

இன்னும் ஒன்று: எஸ்எம்பிஎஸ், சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கொட்டேஷனில் பிராண்டு பெயர் இல்லாமல் "650 வாட்ஸ்" என்று மட்டும் போட்டு 3,000 போட்டிருக்கிறார்கள். இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஆபீஸுக்கு ஒரு அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கினேன். எல்லாவற்றையும் நல்லதாகப் போட்டுவிட்டு, வெளியே தெரியாத டப்பா தானே என்று எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைத்தேன். ஜூலை 29, வருமான வரி ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு மீன் கருகியது போல ஒரு வாடை. எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகவில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. வாங்கிய கடைக்குப் போன் செய்தால் "கொண்டு வாங்க சார், பார்ப்போம்" என்றார்கள். பார்த்து முடிக்கப் பதினொரு நாள் ஆனது. நான் பென் டிரைவோடு தெருமுனை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பையன் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்க, கிளையன்ட்டுகளின் ரிட்டர்னைப் போட்டேன். அன்றிலிருந்து எந்தக் கொட்டேஷனைப் பார்த்தாலும் என் கண் முதலில் எஸ்எம்பிஎஸ் வரிக்குத்தான் போகும். பெயருள்ள கம்பெனியின் 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரச்சான்று உள்ள ரகம் போடச் சொல்லுங்கள். இரண்டாயிரம் கூடும்.

ஆக அசெம்பிள்டின் உண்மை விலை 1,24,000. கடைக்காரர் சொன்ன 1,04,500 எங்கே, இது எங்கே?

அடடா, அப்படியானால் எட்டாயிரம்தானே வித்தியாசம், பிராண்டடே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பக்கத்தையும் பிரிக்க வேண்டும். பிராண்டடில் 16 ஜிபி ராம்தான் இருக்கிறது. உங்கள் வேலைக்கு அது பற்றாது. இந்த விஷயத்தில் நேரம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. க்ருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான் கம்பெனியே, அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. "அசெம்பிள்டு என்றாலே மலிவு" என்ற பழைய கணக்கு ஆட்டம் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய கம்பெனிகள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன, நீங்கள் அன்றைய விலைக்கு வாங்குகிறீர்கள். உங்கள் கொட்டேஷனிலேயே 32 ஜிபி ராமுக்கு 27,000 போட்டிருக்கிறது. பிராண்டடில் இன்னொரு 16 ஜிபி ஏற்ற அதில் பாதி, 13,500. எஸ்எஸ்டியையும் சமன் செய்ய ஒரு 5,000. மொத்தம் 1,50,500.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்கி வட்டியே வாங்காமல் கடன் கொடுப்பதில்லை. வருடத்துக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 11,000 வீதம் 12 மாதம் கட்டினால், அதில் அசல் சுமார் 1,21,200. மீதி 10,800 வட்டி. அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கொடுத்து உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது. வட்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் உங்கள் தலையில். அது 1,900 ரூபாய்க்கு மேல், பிராசசிங் கட்டணம் வேறு. இரண்டாயிரம் போனால் போகிறது, அது பெரிதில்லை. வங்கிக்குப் போகப் போகும் அந்தப் பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் விலையிலேயே குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். "மொத்தப் பணத்தையும் இன்றே பேங்க் டிரான்ஸ்ஃபரில் போடுகிறேன், கடைசி விலை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு 7,000 குறைப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், பிராண்டடின் உண்மை விலை 1,43,500.

சரி, இப்போது வித்தியாசம் 19,500. சீசனில் மாதம் 24 நாள் வேலை என்றால் உங்கள் ஒருநாள் வருமானம் 2,500. ஆக, எட்டு நாள் சம்பளம்.

எட்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து பிராண்டடில் நீங்கள் வாங்குவது என்ன? பழுதானால் ஆள் வீட்டுக்கே வருவார் என்ற உத்தரவாதம், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு. அந்த ஒரு வருடத்துக்குள், அதுவும் முகூர்த்த மாதத்தில், சிஸ்டம் எட்டு நாளுக்கு மேல் படுத்தால்தான் அந்தப் பணம் வசூலாகும். உங்கள் ஊருக்கு ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதையும் ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆன்சைட்" என்று அட்டையில் போட்டிருப்பதால் மறுநாள் காலையே வந்து நிற்பார் என்று அர்த்தமில்லை.

வாரண்டி முடிந்தபிறகுதான் இரண்டுக்குமான வித்தியாசம் தெரியும். பிராண்டட் டெஸ்க்டாப்புகள் பலவற்றில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கென்றே செய்தவை. வெளிக் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர் அதில் பொருந்தாது. நாலாவது வருடம் அது போனால் கம்பெனியிடமே போய் நிற்க வேண்டும், கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அசெம்பிள்டில் எந்தக் கடையிலும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். எட்டு வருடம் ஒரே சிஸ்டத்தை ஓட்டிய ஆள் நீங்கள், அடுத்ததையும் அப்படித்தான் ஓட்டுவீர்கள். ஆகவே என் ஓட்டு அசெம்பிள்டுக்கு. ஒரு அலுவலகத்துக்குப் பத்து சிஸ்டம் வாங்குபவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் மூன்று வருட ஆன்சைட்டோடு பிராண்டட் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீங்களே மாட்டுவதா? வேண்டாம். மாட்டும் கூலி மிஞ்சிப் போனால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில் முடி போன்ற பின்கள் இருக்கும். ஒன்று வளைந்தால் உடைசல் என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிடுவார்கள். கடையில் அவர் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். ராமைக் கழற்றித் துடைத்துப் போடவும் எஸ்எஸ்டி மாற்றவும் தெரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ஆயிரம் குறையும்தான். ஆனால் சென்னை உங்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராம் கோளாறு என்று இரண்டாவது முறை பஸ் ஏறினால் அந்த மிச்சம் டிக்கெட்டுக்கும் போன நாளுக்கும் சரியாகிவிடும். உங்கள் ஊரில், இல்லையென்றால் மதுரையில், "பாகம் போனால் வாரண்டிக்கு நானே அனுப்பி வாங்கித் தருகிறேன்" என்று பில்லிலேயே எழுதித் தருகிற கடையாகப் பாருங்கள். ராம் விலை நிற்காமல் ஆடுவதால், வாங்குகிற அன்று கொட்டேஷனைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், கம்ப்யூட்டர் வாங்கியதற்கென்று தனியாக ஒரு பைசா வரி குறையாது. தேய்மானமெல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடக்கம். முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான், ஆகவே அக்டோபர் பிறப்பதற்குள் வாங்கிவிடுங்கள். ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை தேய்மானக் கணக்கில் சேராது. உங்கள் வரவு 20 லட்சத்துக்குக் கீழ்தான் என்று தெரிகிறது, ஆகவே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக இருந்திருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லையென்றால் பில்லில் இருக்கும் 18 சதவீதம் திரும்பி வராது, அது செலவுதான்.

எப்போது வாங்குவது? ஆடியில். தள்ளுபடிக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு வேலை இல்லாத மாதம் அது. புது சிஸ்டத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடும். பழைய கல்யாணம் ஒன்றின் ஃபுட்டேஜை ஏற்றி, இரவெல்லாம் ரெண்டர் போட்டுப் பாருங்கள். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் எது சரியில்லை என்று தெரிந்துவிடும். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதையும் அதே இரவில் ஒருமுறை மெயினை அணைத்துச் சோதியுங்கள். மலிவான யுபிஎஸ் சிலவற்றில், நல்ல எஸ்எம்பிஎஸ் போட்ட சிஸ்டம் கரண்ட் போனதுமே அணைந்துவிடும்.

பணத்தைக் கையிருப்பிலிருந்தே கொடுங்கள். 1,24,000 போக 56,000 மிஞ்சும். இரண்டு மாத வீட்டுச் செலவு, ஆடியைத் தாண்ட அது போதும். ஆனால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் இறங்க வேண்டாம். கண்ணாடிக் கேபினெட், கலர் லைட் எல்லாம் இப்போதைக்குக் கிடையாது. மாதம் 11,000 இஎம்ஐ கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? ஆவணியிலிருந்து அதே தேதியில் அதே தொகையை ஆர்.டி.யில் போடுங்கள். மார்கழி வருவதற்குள் நாலு தவணை சேர்ந்திருக்கும்.

பழைய சிஸ்டத்தை ஆறாயிரத்துக்குக் கேட்கிறார்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். மேசைக்குக் கீழே கிடக்கட்டும், மாதம் ஒருமுறை போட்டு எடுங்கள். 4கே ஓடாவிட்டாலும், புதியது வாரண்டிக்குப் போயிருக்கும் பத்து நாளில் அவசர ஆல்பம் வீடியோ ஒன்றை ப்ராக்சி (எடிட்டிங்குக்கான சிறிய நகல் ஃபைல்) போட்டாவது அதில் முடித்துக் கொடுத்துவிடலாம்.