கல்பனா சாவ்லா போனது கொலம்பியாவில், சேலஞ்சரில் இல்லை

கல்பனா சாவ்லா விபத்துக்கு 'ரப்பர் வளையம்' காரணம் என்று மகள் எழுதியதை டீச்சர் ஏன் தப்பென்று அடித்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். டீச்சர் செய்தது சரிதான். குளிரில் பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம் விறைத்துப்போய்ச் சிதறியது சேலஞ்சர் என்ற வேறொரு விண்வெளி ஓடம், 1986 ஜனவரி 28, கிளம்பிய 73 விநாடியில்.

கொலம்பியா கதை வேறு. 1981இல் முதன்முதலில் விண்வெளிக்குப் போன ஷட்டில் (விண்வெளி ஓடம்) அதுதான், 1997இல் கல்பனா முதல்முறை போனதும் அதில்தான். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பும்போது எரிபொருள் தொட்டியின் வெப்பக்காப்புப் பூச்சிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை போட்டுவிட்டது. அப்புறம் ஆய்வு வேலையெல்லாம் முடித்து பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது, அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் வாயு புகுந்து இறக்கை உருகி, டெக்சஸ் வானத்தில் உடைந்தது, ஏழு பேரும் போய்விட்டார்கள். நுரைதானே என்று நாசா லேசாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொலம்பியா 'வெடித்தது' என்று மகள் எழுதியிருந்தால் அதையும் 'உடைந்தது' என்று மாற்றச் சொல்லுங்கள்.