காற்றை வடிகட்டினால் போதுமா?

கேள்வி: கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே பிடித்துவிடலாம் என்றால், தொழிற்சாலைகள் புகைபோக்கியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? (நெய்வேலி வாசகர்)

பதில்: கவலைப்பட்டே ஆக வேண்டும். காற்றில் அந்த வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல்; அங்கே பிடிப்பதே எளிது. காற்றிலிருந்து வாயுவைப் பிடிக்க ஐஸ்லாந்தில் 2021-இல் தொடங்கிய ஓர்கா நிலையத்தில் விசிறிகள் காற்றை இழுக்கின்றன. வடிகட்டி பிடித்த வாயு, சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கியதும் வெளிவருகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சுமார் இரண்டே ஆண்டுகளில், கரும்பாறையின் துளைகளில் வெண்கல்லாக உறைந்துவிடுகிறது! மனதார வியக்கிறேன். ஆனால் அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன்தான், அதுவும் புவிவெப்ப மின்சாரம் கிடைக்கும் இடத்தில். நிலக்கரி எரித்து இதை ஓட்டுவது வீண். சிமென்ட் ஆலை தன் புகையைப் புகைபோக்கியிலேயே பிடிக்கட்டும். விமானப் புகைபோல் பிடிக்க முடியாத மிச்சத்துக்கே இந்த வழி.