வாசகர் கேள்விகள்: மேக்னெட் திட்டமும் பிள்ளைகளின் பள்ளி நேரமும்

எங்கள் மகள் வரும் ஆகஸ்டில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். கணிதம், அறிவியல், கணினி ஆகியவற்றுக்கான மேக்னெட் திட்டத்தில் (மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் சிறப்புப் பாடத்திட்டம்) அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி அனுப்பிய பாடத்தேர்வுப் படிவத்தில் ‘ஏ நாள், பி நாள்’ என்று பிரித்திருக்கிறார்கள். விருப்பப் பாடத்துக்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக வயலின் வாசிக்கும் அவள், ஸ்பானிஷும் படிக்க வேண்டும் என்கிறாள். எதை விடச் சொல்வது? — ஒரு தாய், மேரிலாந்து

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் ஒரு மாணவர் ஓராண்டில் ஏழு அல்லது எட்டுப் பாடங்களே படிக்க முடியும். ஆங்கிலம், சமூக அறிவியல், கணிதம், அறிவியல் ஆகிய நான்கும் கட்டாயம். பல பள்ளிகளில் உடற்கல்வியும் சுகாதாரமும் சேர்ந்து ஐந்தாவது இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இசை, அயல்மொழி, ஓவியம், நாடகம் எல்லாம் எஞ்சிய இரண்டு மூன்று இடங்களுக்குள்தான் அடங்க வேண்டும். உங்கள் மகள் சேரும் திட்டத்தில் கணினி அறிவியல் ஒரு தனிப் பாடமாக வருவதால், மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் ஒரு விருப்பப் பாடம் அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. பள்ளியின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று இது; திட்டத்தின் அமைப்பே அப்படி.

‘ஏ நாள், பி நாள்’ என்பது, எட்டுப் பாடங்களை நான்கு நான்காகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 80 முதல் 90 நிமிடம் கொடுக்கும் முறை. ஆய்வகச் சோதனை ஒன்றைத் தொடங்கி, முடித்து, முடிவுகளைப் பேசவும் அந்த நேரம் போதும் என்பதால், அறிவியல் ஆசிரியர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். திங்களன்று கொடுத்த வீட்டுப்பாடம் புதனன்றுதான் கேட்கப்படும் என்பதால், ‘நாளைக்குச் செய்துகொள்ளலாம்’ என்று பிள்ளை தள்ளிவைத்து, செவ்வாய் இரவில் எட்டுப் பாடங்களின் வேலையும் ஒன்றாகக் குவிந்துவிடும். மேலும், காய்ச்சலுக்காக ஒருநாள் விடுப்பு எடுத்தால், வழக்கமான அட்டவணையில் இரண்டு வகுப்புகளுக்குச் சமமான பாடம் நான்கு பாடங்களிலும் போய்விடும். எனவே கொடுத்த வேலையைக் கொடுத்த அன்றே தொடங்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள். முடிக்காவிட்டாலும் குற்றமில்லை, தொடங்கியிருக்க வேண்டும்.

இப்போது வயலினுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் வயலினை விட வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளி இசைக்குழு படிப்படியாக வளர்வது; ஓராண்டு வெளியே நின்ற பிள்ளை திரும்பி வரும்போது உடன் வாசித்தவர்கள் அடுத்த நிலைக்குப் போயிருப்பார்கள். தனி ஆசிரியரிடம் வயலினைத் தொடரலாம் என்றாலும், நாற்பது பேர் நடுவில் அமர்ந்து, தன் முறை வரும்வரை எண்ணிக் காத்திருந்து வாசிக்கும் பயிற்சி வீட்டு அறையில் கிடைக்காது. ஸ்பானிஷோ, உயர்நிலைப் பள்ளியில் முதல் நிலையிலிருந்தே தொடங்கக்கூடியது. எனினும் படிவத்தில் கையெழுத்திடுமுன் பள்ளி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்: ஏழாம் வகுப்பில் மொழியைத் தொடங்க முடியுமா, முதல் பாடவேளைக்கு முன்பே இசைக்குழு கூடுகிறதா, நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஸ்பானிஷுக்கும் அல்ஜீப்ராவுக்கும் உயர்நிலைப் பள்ளிக் கிரெடிட் (உயர்நிலைப் படிப்பின் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) உண்டா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. கிரெடிட் உண்டு என்றால், அங்கே வாங்கும் மதிப்பெண் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவேட்டில் ஏறவும் கூடும்.

என் மகன் மேக்னெட் திட்டத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். மேத்கவுண்ட்ஸ் கணிதப் போட்டி, சயின்ஸ் ஒலிம்பியாட் அறிவியல் போட்டி, ராபாட்டிக்ஸ், நேஷனல் ஹிஸ்டரி டே வரலாற்றுப் போட்டி எல்லாவற்றிலும் சேர விரும்புகிறான். நண்பர்கள் சேர்வதால் தடுக்கவும் மனம் வரவில்லை. — ஒரு தந்தை, டெக்சஸ்

நான்கும் நல்லவையே. சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. செப்டம்பரில் பெயர் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு மணிநேரம்தான் என்று தோன்றும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். 25 கேள்விகளை 40 நிமிடங்களில் முடிக்க வேண்டிய ஏஎம்சி 8 என்ற கணிதப் போட்டித் தேர்விலும் சேர்ந்தால், அது ஜனவரியில். மேத்கவுண்ட்ஸின் வட்டாரப் போட்டி ஏறக்குறைய பிப்ரவரியில், மாநிலப் போட்டி மார்ச்சில். சயின்ஸ் ஒலிம்பியாடின் வட்டாரச் சுற்றும் ஹிஸ்டரி டேயின் வட்டாரச் சுற்றும் அதே குளிர்காலத்தின் சனிக்கிழமைகளில். அரையாண்டு முடிவுத் தேர்வுகளும் திட்டப்பணிகளும் அப்போதுதான் வரும்.

இவை கேட்கும் உழைப்பும் ஒன்றல்ல. மேத்கவுண்ட்ஸ் பெரும்பாலும் தனிப் பயிற்சி. முதல் சுற்றில் 30 கணக்குகளுக்கு 40 நிமிடம் என்பதால், தினமும் அரைமணி நேரம் உட்காரும் பிள்ளை முன்னேறுவான், உட்கார முடியாத வாரத்தில் யாருக்கும் நட்டமில்லை. சயின்ஸ் ஒலிம்பியாட் அப்படியன்று. 15 பேர் கொண்ட அணி 23 போட்டிகளைப் பங்கிட்டுக்கொள்கிறது. பெரும்பாலானவற்றில் இருவர் இணைந்தே கலந்துகொள்கிறார்கள். உங்கள் மகன் ஒரு சனிக்கிழமை வராவிட்டால், மூன்று மாதம் அவனோடு உழைத்த இன்னொரு பிள்ளை தனியாக மேசையில் நிற்பான். ஹிஸ்டரி டேயில் கட்டுரை, காட்சிப் பலகை, ஆவணப்படம், நிகழ்த்துகலை, இணையதளம் என ஐந்து வழிகள் உண்டு. பத்து நிமிட ஆவணப்படத்துக்கே பல மாதங்களின் வாசிப்பும் மூல ஆவணத் தேடலும் தேவை.

எனவே பிறர் நம்பியிருக்கும் குழுப் பணி ஒன்று, தன் வேகத்தில் செய்யக்கூடியது ஒன்று, இவ்விரண்டோடு இந்த ஆண்டு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். நான்கின் தேதிகளையும் ஒரே தாளில் அவன் கையால் எழுதவைத்துவிட்டுக் கேளுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால், பன்னிரண்டு வயதில் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் வென்ற கோப்பையைக் கல்லூரி கேட்பதில்லை.

மேக்னெட் திட்டத்தில் படிக்கும் பேரன் காலை ஆறே காலுக்கே பேருந்துக்குக் கிளம்புகிறான். மாலையில் பள்ளி மன்றக் கூட்டம் இருந்தால் திரும்ப ஐந்தரை ஆகிறது. இது தேவைதானா? — ஒரு தாத்தா, வர்ஜீனியா

உங்கள் கவலை நியாயமானது, ஐயா. மேக்னெட் திட்டம் மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்ப்பதால், வீட்டு வாசலுக்குப் பதில் பொதுவான ஓரிடத்தில்தான் பேருந்து நிற்கிறது, பயணமும் நீள்கிறது. 6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணிநேரமும், 13 வயதுக்குமேல் 8 முதல் 10 மணிநேரமும் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் கழகம் 2014-இலேயே கூறியது. எல்லா மாவட்டங்களும் அதை ஏற்கவில்லை. பேரன் ஐந்தரைக்கு எழுந்தால் இரவு எட்டரைக்குள் படுத்தாக வேண்டும். மன்றம் உள்ள நாட்களில் அது முடியவில்லையென்றால், மன்ற நாட்களைக் குறையுங்கள். தூக்கத்தைக் குறைக்க விடாதீர்கள்.

மேக்னெட் என்ற பெயர் ஏன் வந்தது? எங்கள் மகன் கணிதமும் அறிவியலும் தன் திட்டப் பிள்ளைகளோடு மட்டுமே படிக்கிறான். அந்தப் பள்ளியின் மற்றப் பிள்ளைகளை அவனுக்குத் தெரியவே தெரியாது. — ஒரு தாய், வட கரோலினா

பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்த பிறகும், குடியிருப்புகள் பிரிந்தே இருந்ததால் பள்ளிகளும் பிரிந்தே இருந்தன. கட்டாயப்படுத்திப் பிள்ளைகளை வேறு பகுதிக்கு அனுப்புவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, சிறப்புப் பாடத்திட்டத்தைக் காட்டிப் பெற்றோரைத் தாமாகவே வரவழைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 1968-இல் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி இவ்வாறு மாற்றப்பட்டதையே முதல் முயற்சியாகக் குறிப்பிடுகிறார்கள். காந்தம்போல் ஈர்ப்பதால் அந்தப் பெயர். பல்வேறு பிள்ளைகளை ஒன்றுசேர்க்கத் தோன்றிய திட்டத்திற்குள், ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் உருவாகிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மற்றப் பிள்ளைகளோடு பழக உங்கள் மகனின் அட்டவணையிலேயே இடமிருக்கிறது. உடற்கல்வி, இசை, ஓவியம், மதிய உணவு ஆகிய வேளைகளில் எல்லாப் பிள்ளைகளும் கலந்தே இருக்கிறார்கள். போட்டி மன்றங்களில் திட்டப் பிள்ளைகளே நிறைந்திருப்பார்கள் என்பதால், அடுத்த பருவத்தில் பள்ளியின் ஓட்டப்பந்தய அணியிலோ நாடகக் குழுவிலோ சேரச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு அவன் தரும் பெயர்ப் பட்டியலில் அங்கிருந்து இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.