வரையாடு கேள்வி பதில்: தலை எண்ணிக்கை மட்டும் போதுமா?

கோவை, விலங்கியல் மாணவி: சார், 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2,668 வரையாடுகள். இனி பயமில்லைதானே?

மொத்தத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவை மலைக்கு மலை பிரிந்து கிடக்கும் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை ஆடு ஈனுகிறது, எத்தனை கிடா சேர்கிறது என்று பாருங்கள். சூத்திரம் இது: 4 × சேரும் கிடா × ஈனும் பெட்டை ÷ இரண்டின் கூட்டுத்தொகை. 5 கிடா, 45 பெட்டை என்றால் 4×5×45÷50 = 18. மரபுக் கணக்கில் அந்த ஐம்பதும் 18 ஆடுகளுக்குத்தான் சமம். தலைமுறைக்கு 1/(2×18) = 1/36, அதாவது சுமார் 2.8 சதவீத மரபு வேறுபாடு கரைந்துபோகும். வரையாட்டில் வலுத்த கிடாக்களே பெரும்பாலும் சேர்வதால் இந்த ஏற்றத்தாழ்வு வழக்கமானது.

பொள்ளாச்சி வாசகர்: வேறு மலையிலிருந்து பிடித்து வந்து விடலாமே?

நீலகிரிக் கூட்டத்தையும் ஆனைமலைக் கூட்டத்தையும் யோசிக்காமல் கலக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் மரபணு வேறு. பக்கத்துக் குன்றுகளுக்கு நடுவே புல்வெளியை மீட்டால் ஆடு தானே நடந்து போகும். செலவும் ஆபத்தும் குறைவான வழி அதுதான்.

ஊட்டி தன்னார்வலர்: புல்வெளியை மூடிக்கொண்ட சீகை (வாட்டில்) மரத்தை வெட்டினால் புல் வந்துவிடுமா, அண்ணா?

வெட்டிவிட்டு வந்துவிட்டால் வராது, தம்பி. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயிலோ தீயோ பட்டால் மொத்தமாக முளைத்துவிடும். வனத்துறை அனுமதியோடு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது நாற்றுகளை வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்துக்கு அடியிலிருந்து இடுப்பளவு வரை பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் நின்றபடியே காயும். நிலமும் ஒரேயடியாக வெயிலுக்குத் திறக்காது. ஒரு கீற்றுப் பட்டை விடுபட்டாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உள்ளூர்ப் புல் தூர்களைப் பிரித்து இடைவெளியில் நடுங்கள். சரிவில் மண்வெட்டி இயந்திரம் வேண்டவே வேண்டாம்: புதைந்த விதை மேலே வரும், மண்ணும் அரித்துப் போகும். சீகை நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் எழுந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் திரும்பப் போய்ப் பிடுங்க ஆளில்லை என்றால் தொடங்கவே தொடங்காதீர்கள்; பழைய காட்டைவிட அடர்ந்த சீகைப் புதர்தான் மிஞ்சும்.

மதுரை வாசகர்: வெப்பம் கூடினால் மேலே ஏறிக்கொள்ளாதா?

மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதற்கு மேல் மலை இல்லை.

வால்பாறை ஆசிரியை: இரண்டு குழு எண்ணும் முறையை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஒரே தடத்தில் சிறிது நேர இடைவெளியில் இரண்டு குழுக்கள் போகட்டும், பேசிக்கொள்ளக் கூடாது. கூட்டத்தின் அளவு, குட்டி, கிடா, நேரம், இடம் எல்லாம் குறிக்க வேண்டும். முதல் குழு 20 கூட்டம், இரண்டாவது 18, இருவரும் பார்த்தவை 15 என்றால், யார் கண்ணிலும் படாதவை உட்பட மொத்தம் 20×18÷15 = 24 கூட்டம். இருவரும் பார்த்த மூன்று கூட்டங்களை வேறுவேறு என்று பதிந்து 15 என்பது 12 ஆனால் விடை 30 ஆகிவிடும். இல்லாத 6 கூட்டங்கள் ஏட்டில் ஏறிவிடும், டீச்சர்; அதனால் குறிப்பேட்டை அன்று மாலையே ஒப்பிட்டு முடித்துவிடுங்கள்.