மின் ஸ்கூட்டர் வாங்கினால் எந்த ஊர்த் தண்ணீர் குறையும்?

கேள்வி: எங்கள் வீடு மேல்விஷாரத்தில். வேலைக்காக வேலூர் போய்வர தினமும் 40 கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் பேட்டரிக்கு லித்தியம் எடுக்கிற ஊர்களில் நிலத்தடி நீர் வற்றுகிறது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். பாலாற்றங்கரையில் வாழ்ந்துகொண்டு இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. வாங்கலாமா?

பதில்: மகள் சொல்வதை நீங்கள் காதில் வாங்கியதே எனக்குச் சந்தோஷம். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா, உலகத்திலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று. அங்கே உப்புப் படுகைக்கு அடியிலிருந்து உப்புநீரை இறைத்து, பெரிய பாத்திகளில் ஒரு வருடத்துக்கும் மேலாக வெயிலில் காயவிடுகிறார்கள். மரக்காணம் உப்பளம் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் மரக்காணத்தில் கடல் வற்றாது. அட்டகாமாவில் இறைத்த நீர் ஆவியாகிப் போனால் போனதுதான். அந்த உப்புநீர் குடிக்க உதவாது, உண்மைதான். ஆனாலும் அதை உறிஞ்ச உறிஞ்ச, படுகையின் ஓரத்து நல்ல நீரும் இறங்கிவிடுமோ என்பது அங்குள்ள பழங்குடி மக்களின் அச்சம். பூநாரைகள் குறைந்து வருவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உலகில் அதிக லித்தியம் எடுக்கும் ஆஸ்திரேலியாவில் வேறு முறை. பாறையை வெட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, அமிலம் சேர்த்துப் பிரிக்க வேண்டும். சுடும் வேலை பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது. இதில் தண்ணீரைவிடக் கரிப்புகைதான் பெரிய செலவு.

சரி, உங்கள் வண்டிக்கு எவ்வளவு? பேட்டரியின் அளவைக் கிலோவாட் ஹவரில் சொல்வார்கள். நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் அது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 100 கிராம் லித்தியம் என்று வைத்தால், 3 யூனிட் ஸ்கூட்டருக்கு 300 கிராம். 40 யூனிட் காருக்கு 4 கிலோ. அட்டகாமா உப்புநீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில் லித்தியம் இருக்கிறது. ஆக, உங்கள் ஸ்கூட்டருக்குக் குறைந்தது ஒரு பெரிய டிரம், 200 லிட்டர். முழுதும் பிரித்தெடுக்க முடியாததால் உண்மையில் அதைவிடக் கூடுதல்.

நான் ஆற்காட்டில் வளர்ந்தவன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த கிணற்று நீரின் ருசி எனக்குத் தெரியும். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது. ஷூ வாங்கியவர் எங்கோ இருந்தார், கிணறு இங்கே கெட்டது. இப்போது வாங்குபவர் இடத்தில் நாம் இருக்கிறோம். அதனால் இந்தக் கணக்கைப் போடாமல் விட எனக்கு மனமில்லை.

வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 50 என்று வைத்து 240 லிட்டர் பெட்ரோல். அதன் புகை சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டர் 400 யூனிட் கேட்கும். நிலக்கரி அதிகம் கலந்த நம் மின்சாரத்தில் அது சுமார் 280 கிலோ. பேட்டரி செய்யும்போது வெளியான 200 முதல் 300 கிலோவை ஏறக்குறைய ஒரே வருடத்தில் ஈடு கட்டிவிடுவீர்கள். எனவே உங்களுக்கு என் பதில்: வாங்குங்கள். தினமும் கடைத்தெருவுக்கு 5 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் கேட்டிருந்தால், நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டியையே ஓட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஷோரூமில் பெரிய பேட்டரியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தினம் 40 கிலோமீட்டருக்கு இரண்டரை, மூன்று யூனிட் தாராளம். கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அட்டகாமாவின் இன்னொரு பங்கு. எல்.எஃப்.பி. (லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பேட்டரி) வகை கிடைத்தால் அதையே கேளுங்கள். அதில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை, ஆயுளும் அதிகம். அப்புறம், கத்திரி வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாதீர்கள். வண்டி ஆறட்டும். வேலூர் வெயிலில் பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது சூடுதான்.

கேள்வி: அப்படியென்றால் லித்தியமே இல்லாத, விலை குறைந்த லெட் ஆசிட் பேட்டரி வண்டி வாங்கிவிடலாமே?

பதில்: வேண்டாம். எடை மூன்று நான்கு மடங்கு, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும். பழையதைக் கொல்லைப்புறத்தில் உருக்கினால் ஈயம் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேரும். எந்த வகையானாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வண்டி வாங்கும் நாளிலேயே, பேட்டரியைத் திரும்ப எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு, வாரண்டி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.